கோப்பை தந்தவருக்கே கல்தா! அழுவதா, நிம்மதி அடைவதா என்று தவித்த லெஸ்டர் ரசிகர்கள்

வீட்டுக்கு விளக்கேற்றி வைத்தவரையே வாசலில் நிறுத்தி, "நீங்க கிளம்புங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் லெஸ்டர் நகர கால்பந்து ரசிகர்களுக்கு 2017-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந்தேதி இரவு அப்படித்தான் இருந்தது.

அன்று வியாழக்கிழமை. லெஸ்டர் சிட்டி கிளப் ஒரு அறிக்கை வெளியிட்டது. பயிற்சியாளர் கிளாடியோ ரானியேரி நீக்கப்பட்டார். அவ்வளவுதான், ஊரே ஆடிப்போனது.

கிளப்பின் 132 ஆண்டு வரலாற்றில் முதல் முறையாக பிரீமியர் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த கோப்பை வந்து 10 மாதம் கூட ஆகவில்லை. உலகின் சிறந்த பயிற்சியாளர் என்று பிபா விருது வாங்கி 2 மாதம் கூட ஆகவில்லை. அதற்குள் சீட்டு கிழிந்து விட்டது.

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் "நன்றி கெட்ட கிளப்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விட்டார்கள். உள்ளூர் ரசிகர்களால் மட்டும் அப்படி முடிக்க முடியவில்லை. ஏன்? அதுதான் விஷயம்.

5 ஆயிரத்துக்கு 1

முதலில் அவர் செய்தது என்ன என்று பார்த்து விடுவோம்.

2015-ம் ஆண்டு ஜூலையில் ரானியேரி வந்தபோது லெஸ்டர் ஒரு சாதாரண அணி. அதற்கு 6 வருடம் முன்புதான் 3-வது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. லண்டன், மான்செஸ்டர் கிளப்புகள் போல கோடி கோடியாக கொட்டி வீரர்களை வாங்கும் வசதி இல்லை.

சீசன் தொடங்கும் முன் சூதாட்ட கம்பெனிகள் லெஸ்டர் சாம்பியன் ஆவதற்கு கொடுத்த விலை 5 ஆயிரத்துக்கு 1. அதாவது 1 பவுண்டு கட்டினால் 5 ஆயிரம் பவுண்டு. நடக்கவே நடக்காது என்றுதான் அர்த்தம்.

நடந்து விட்டது. 38 ஆட்டங்களில் 23 வெற்றி, 12 டிரா. தோல்வி வெறும் 3. மொத்தம் 81 புள்ளிகள். 2-வது இடம் பிடித்த அர்செனலை விட 10 புள்ளிகள் அதிகம். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன கிளப்புகளில் ஆடிய ஜேமி வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்து சாதனை படைத்தார். ரியாத் மாரெஸ் ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். பெயரே தெரியாமல் வந்த எங்கோலோ கான்டே மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தார்.

ரானியேரியும் லேசுப்பட்டவர் இல்லை. "எதிரணியை கோல் அடிக்க விடாமல் ஒரு ஆட்டம் முடிங்கப்பா, எல்லோருக்கும் பீட்சா வாங்கித் தருகிறேன்" என்றார். சொன்னபடி வாங்கியும் கொடுத்தார். அதிலும், மாவை நீங்களே தட்டிக்கொள்ளுங்கள் என்று வீரர்களை அடுப்பு பக்கம் தள்ளி விட்டார். பேட்டி என்றால் சிரிப்பு. வயதான தாயை பார்க்க இத்தாலிக்கு பறந்து போய் சாப்பிட்டு விட்டு வருவார். சொந்த தாத்தாவைப் போல ஊர் அவரை ஏற்றுக்கொண்டது.

2016 மே மாதம் கோப்பை ஊர்வலத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல் திரண்டதாக கணக்கு. ஊரின் மக்கள் தொகையே சுமார் 3½ லட்சம்தான்!

லெஸ்டரில் 10 பேரில் 4 பேர் ஆசிய வம்சாவளியினர். 1972-ல் உகாண்டாவில் இருந்து இடி அமீன் விரட்டிய குஜராத்தி குடும்பங்கள் ஏராளமாக வந்து குடியேறிய ஊர் அது. கோவில் வேறு, சர்ச் வேறு, மசூதி வேறு. ஆனால் அந்த மே மாதம் எல்லா வீட்டு ஜன்னலிலும் தொங்கியது ஒரே நீலக்கொடி. அந்த கொடிக்கு காரணமானவரைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கே சறுக்கியது?

அடுத்த சீசனில் எல்லாமே தலைகீழ். முதல் ஆட்டத்திலேயே புதிதாக மேலே வந்த ஹல் சிட்டியிடம் தோல்வி.

கான்டேயை செல்சி சுமார் 3 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுத்து கொத்திக்கொண்டு போனது. அவர் போன இடத்தில் செல்சி சாம்பியன் ஆனது. அவர் விட்டுப்போன இடத்தில் ஓட்டை விழுந்தது. பெரிய விலை கொடுத்து வாங்கிய இஸ்லாம் ஸ்லிமானி, அகமது மூசா இருவரும் எதிர்பார்த்த அளவுக்கு கை கொடுக்கவில்லை.

எதிரணிகளும் உஷாராகி விட்டன. முந்தைய சீசனில் முன்னேறி வந்து ஆடி, பின்னால் காலியிடம் விட்டு, வார்டியின் வேகத்தில் மாட்டிக்கொண்டவர்கள், இந்த முறை பின்னாலேயே நின்று கொண்டார்கள். ஓட இடம் இல்லாமல் வார்டி தவித்தார். போதாக்குறைக்கு, வார நடுவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் வேறு.

சாம்பியன் ஆன சீசனில் அணியை அதிகம் மாற்றாமல் ஆட வைத்த ரானியேரி, இப்போது ஆளையும் மாற்றினார், ஆடும் முறையையும் மாற்றினார். செல்சியில் இருந்த காலத்தில் அணியை மாற்றிக்கொண்டே இருப்பார் என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பழைய பழக்கம் திரும்பி விட்டது என்று ரசிகர்களே முணுமுணுத்தார்கள்.

நீக்கப்பட்ட அன்று நிலைமை இது: 25 லீக் ஆட்டங்களில் 5 வெற்றி, 6 டிரா, 14 தோல்வி. மொத்தம் 21 புள்ளிகள். 20 அணிகளில் 17-வது இடம். கடைசி 5 லீக் ஆட்டங்களிலும் தொடர் தோல்வி. 2017 பிறந்து 6 லீக் ஆட்டங்கள் ஆடியும் ஒரு கோல் கூட இல்லை. எப்.ஏ. கோப்பையில் 3-வது டிவிஷன் அணியான மில்வாலிடம் தோல்வி. அதுவும் 10 பேருடன் ஆடிய மில்வாலிடம்!

பிரீமியர் லீக்கில் கடைசி 3 இடம் பிடிக்கும் அணிகள் 2-வது டிவிஷனுக்கு இறக்கப்படும். லெஸ்டருக்கும் அந்த குழிக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு புள்ளி.

சாம்பியன் ஆன அணி அடுத்த சீசனிலேயே கீழே இறங்குவது இங்கிலாந்து கால்பந்தில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. 1938-ல் மான்செஸ்டர் சிட்டி. 2-வது பெயராக லெஸ்டர் எழுதப்படுமோ என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது.

கையெழுத்து காயும் முன்...

2016 ஆகஸ்டில்தான் ரானியேரியிடம் புதிதாக 4 வருட ஒப்பந்தம் போட்டார்கள். 2017 பிப்ரவரி 7-ந்தேதி "அவருக்கு எங்கள் முழு ஆதரவு உண்டு" என்று கிளப்பே அறிக்கை விட்டது. 16 நாளில் ஆதரவும் போச்சு, வேலையும் போச்சு. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதா என்ன? முதலாளி தோளில் தட்டி, "நான் இருக்கிறேன், கவலைப்படாதே" என்று சொன்னாலே உஷாராக இருக்க வேண்டும் என்பது தெரிந்த கதைதானே!

அதுவும் எப்போது தூக்கினார்கள்? சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்பெயின் நாட்டு செவியாவிடம் 2-1 என்று தோற்ற மறுநாள். அந்த ஆட்டத்தில் வார்டி கோல் அடித்திருந்தார். வெளியூரில் அடித்த கோல் என்பதால் 2-வது ஆட்டத்தில் வாய்ப்பு நன்றாகவே இருந்தது. நம்பிக்கையோடு ஊர் திரும்பியவரை விமானத்தில் இருந்து இறங்கிய கையோடு அனுப்பி விட்டார்கள்.

கிளப்பின் துணைத்தலைவர், தாய்லாந்தை சேர்ந்த ஐயவத் ஸ்ரீவத்தனபிரபா கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: 7 வருடங்களில் தாங்கள் எடுத்த மிகக் கஷ்டமான முடிவு இது. மனதில் எவ்வளவு பாசம் இருந்தாலும் கிளப்பின் எதிர்காலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரானியேரி தன் பங்குக்கு, கடைசி வரை இந்த கிளப்பிலேயே இருக்க வேண்டும் என்று கனவு கண்டதாகவும், அந்த கனவு செத்து விட்டதாகவும் சொன்னார். லெஸ்டர்காரரான முன்னாள் வீரர் கேரி லினேக்கர், கண்ணீர் விட்டதாகவே சொன்னார்.

இரண்டு பக்கமும் நியாயம்

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள் என்று சொல்வது சுலபம். உண்மை அது இல்லை. ஒவ்வொரு ரசிகனும் தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து கிடந்தான்.

ஒரு மனசு கேட்டது: "ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோவா? கீழே இறங்கினால்தான் என்ன? அவரோடு சேர்ந்தே இறங்குவோம். அவரோடு சேர்ந்தே ஏறுவோம். நமக்கு பழக்கமான 2-வது டிவிஷன்தானே? இப்படி ஒரு மனுஷனை அனுப்பித்தான் பிழைக்க வேண்டுமா?"

இன்னொரு மனசு சொன்னது: "பாசம் வேறு, பிழைப்பு வேறு. 6 ஆட்டத்தில் ஒரு கோல் இல்லை. வீரர்களிடம் பிடிப்பு இல்லை. இன்னும் 13 ஆட்டம்தான் பாக்கி. பார்த்துக்கொண்டே இருந்தால் கப்பல் மூழ்கி விடும்."

இந்த 2-வது மனசையும் சும்மா தள்ளி விட முடியாது. காரணம் பணம். அந்த சீசனில் பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்த சண்டர்லாந்துக்கே லீக் கொடுத்த பங்கு 9 கோடி பவுண்டுக்கு மேல். கீழே இறங்கினால் அந்த தொகை மளமளவென்று சரியும். நட்சத்திர வீரர்கள் வேறு கிளப்புக்கு போய் விடுவார்கள். டிக்கெட் கவுன்டரிலும் கேன்டீனிலும் வேலை பார்ப்பவர்கள் எங்கே போவார்கள்?

சண்டர்லாந்து கதையும் கவனிக்க வேண்டியது. அவர்கள் பயிற்சியாளர் டேவிட் மோயசை சீசன் முழுக்க நீக்கவில்லை. கடைசி இடம்தான் கிடைத்தது. அடுத்த வருடமே இன்னொரு படி சறுக்கி 3-வது டிவிஷனுக்கு போய் விட்டது.

சரி, நீக்கினால் பிழைத்து விடலாமா? அதுவும் நிச்சயம் இல்லை. அதே சீசனில் ஸ்வான்சீ, கிரிஸ்டல் பேலஸ் கிளப்புகள் பயிற்சியாளரை மாற்றி தப்பின. ஹல் சிட்டியும் மிடில்ஸ்பரோவும் மாற்றியும் தப்பவில்லை. ஆக, இது மருந்து இல்லை. சூதாட்டம்.

சந்தேகப் பார்வை

ரசிகர்களின் கோபம் முதலாளி மீது மட்டும் பாயவில்லை. வீரர்கள் மீதும் பாய்ந்தது.

செவியா ஆட்டத்துக்கு பிறகு மூத்த வீரர்கள் சிலர் முதலாளியிடம் பேசியதாக பத்திரிகைகளில் செய்தி வந்தது. வீரர்கள் மறுத்தார்கள். ஆனால் சந்தேகம் போகவில்லை. "போன வருஷம் உயிரைக் கொடுத்து ஓடினவங்க இந்த வருஷம் ஏன் நடக்கிறாங்க?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. சில கிறுக்கர்கள் எல்லை மீறினார்கள். தனக்கும் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல் வந்ததாக வார்டி வெளிப்படையாகவே சொன்னார்.

ரானியேரி பிறகு கொடுத்த டி.வி. பேட்டியில், தன் வீரர்கள் தன்னைக் கவிழ்த்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றார். அதே சமயம், வேறு யாரோ பின்னால் இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் வைத்தார். யார் என்று சொல்ல மறுத்து விட்டார்.

சிரிப்பும் அழுகையும்

நீக்கம் நடந்து 4-வது நாள், பிப்ரவரி 27-ந்தேதி. சொந்த மைதானத்தில் லிவர்பூலுடன் ஆட்டம். மற்ற அணிகளின் முடிவுகளால் லெஸ்டர் கடைசி 3 இடங்களுக்குள் விழுந்து கிடந்தது. உதவி பயிற்சியாளராக இருந்த கிரேக் ஷேக்ஸ்பியர் தற்காலிக பொறுப்பில்.

ரசிகர்கள் ரானியேரி முகமூடியோடு வந்தார்கள். அப்போது அவருக்கு வயது 65. அதனால் ஆட்டத்தின் 65-வது நிமிடத்தில் செல்போன் விளக்குகளை எரிய விட்டு அவருக்கு மரியாதை செய்தார்கள்.

மைதானத்தில் நடந்தது என்ன தெரியுமா? 3-1 என்று லெஸ்டர் அபார வெற்றி! வார்டி 2 கோல், டேனி டிரிங்வாட்டர் 1 கோல். 2 மாதமாக லீக் ஆட்டங்களில் கோலே பார்க்காத ரசிகர்கள் தொண்டை கிழிய கத்தினார்கள்.

கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. பழைய ஓட்டம், பழைய வேகம், பழைய அடி எல்லாமே இருக்கிறதே! அப்படியானால் போன வாரம் வரை இது எங்கே போயிருந்தது? அந்த மனுஷனுக்காக ஏன் இப்படி ஓடவில்லை?

தோற்றிருந்தால் கூட மனசு ஒரு பக்கமாக சாய்ந்திருக்கும். "பார்த்தியா, அவரை அனுப்பியும் ஒண்ணும் நடக்கல" என்று திட்டி விட்டு வீட்டுக்கு போயிருக்கலாம். ஜெயித்ததால்தான் சங்கடம். ஜெயித்ததற்கு சந்தோஷப்பட்டால் அவருக்கு துரோகம். சந்தோஷப்படாமல் இருந்தால் சொந்த அணிக்கு துரோகம். கையில் முகமூடி, வாயில் வெற்றிக் கோஷம். இதுதான் அன்றைய லெஸ்டர் ரசிகன்.

அந்த ஆட்டத்தையும் சேர்த்து தொடர்ந்து 5 லீக் ஆட்டங்களில் வெற்றி. செவியாவை 2-0 என்று சொந்த ஊரில் சாய்த்து சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்கும் போனார்கள். லீக்கில் 44 புள்ளிகளுடன் 12-வது இடம். கணக்குப்படி பார்த்தால் முதலாளி எடுத்த முடிவு சரி. கணக்கை மட்டும் பார்த்தால்.

மறந்து போன பழைய கதை

கோபத்தில் இருந்த பலர் ஒரு விஷயத்தை வசதியாக மறந்து விட்டார்கள். ரானியேரி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே எப்படி?

அவருக்கு முன்பு இருந்தவர் நைஜல் பியர்சன். 2014-ல் அணியை பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். 2015-ல் கடைசி இடத்தில் கிடந்த அணியை, கடைசி 9 ஆட்டங்களில் 7-ல் ஜெயிக்க வைத்து காப்பாற்றியவர். அந்த சாதனை முடிந்த அடுத்த மாதமே அவருக்கும் கல்தா. அப்போதும் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். ரானியேரி பெயர் அறிவிக்கப்பட்டதும் "இவரா?" என்று முகம் சுளித்தார்கள். கேரி லினேக்கரே டுவிட்டரில் கிண்டல் அடித்தார். பிறகு, லெஸ்டர் சாம்பியன் ஆனால் ஜட்டியோடு டி.வி. நிகழ்ச்சி நடத்துகிறேன் என்று சவால் விட்டு, சொன்னபடி வந்து நின்றது தனிக்கதை!

ஆக, ஒரு அநியாயமான நீக்கத்தால் வந்த அதிர்ஷ்டம்தான் ரானியேரி. அந்த அதிர்ஷ்டத்தை அனுபவித்த ஊர், அடுத்த நீக்கத்தை மட்டும் பாவம் என்று சொன்னால் எப்படி என்று கேட்டவர்களும் உண்டு.

பெரிய கிளப்புகளில் இது வாடிக்கைதான். 2010-ல் செல்சிக்கு கோப்பை தந்த ஆன்செலோட்டி 2011-ல் நீக்கம். 2012-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு கோப்பை தந்த மான்சினி 2013-ல் நீக்கம். 2015-ல் செல்சிக்கு கோப்பை தந்த மொரினியோ அதே வருடம் டிசம்பரில் நீக்கம். அதுவும் லெஸ்டரிடம் தோற்ற 3-வது நாள்! ரானியேரி நீக்கப்பட்டதும் அதே மொரினியோ, "சி.ஆர்." என்று அவர் பெயரின் முதல் எழுத்துகள் பதித்த சட்டையோடு நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். பட்டவருக்குத்தானே வலி தெரியும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த கிளப்புகளில் கோப்பை என்பது ஒப்பந்த வேலை. லெஸ்டரில் அது வரம். வரம் கொடுத்தவரிடம் கணக்கு கேட்டதுதான் ரசிகர்களுக்கு உறுத்தியது.

காலம் சொன்ன தீர்ப்பு

ரானியேரி இடத்துக்கு வந்த ஷேக்ஸ்பியருக்கு 2017 ஜூனில் 3 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அக்டோபரில் அவரையும் நீக்கி விட்டார்கள். 2024-ல் அவர் காலமானார்.

ரானியேரியை அனுப்பியபோது கிளப்பின் முதலாளியாக இருந்த விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா, 2018 அக்டோபர் 27-ந்தேதி மைதானத்துக்கு வெளியே ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். உடன் இருந்த 4 பேரும் பலி. ரானியேரிக்காக கோபப்பட்ட அதே ரசிகர்கள் மைதான வாசலை பூக்களால் நிறைத்தார்கள். இப்போது அங்கே அவருக்கு சிலையும் இருக்கிறது. அவரும் இந்த ஊருக்கு நிறைய செய்தவர்தான். யாரை வில்லன் என்று சொல்வது?

2021-ல் லெஸ்டருக்கு முதல் முறையாக எப்.ஏ. கோப்பை வாங்கித் தந்தவர் பிரண்டன் ராட்ஜர்ஸ். 2023-ல் அணி தடுமாறியதும் அவரையும் ஏப்ரலில் அனுப்பினார்கள். இந்த முறை மந்திரம் பலிக்கவில்லை. அணி கீழே இறங்கியது. 2024-ல் மேலே ஏறி, 2025-ல் மறுபடியும் இறங்கியது. 2017-ல் எதைத் தவிர்க்க ரானியேரியை பலி கொடுத்தார்களோ, அது 6 வருடம் தள்ளி வந்தே சேர்ந்தது.

அந்த 6 வருடத்தில் கிடைத்ததும் கொஞ்சம் இல்லை. ஐரோப்பிய காலிறுதி, ஒரு எப்.ஏ. கோப்பை. 2017-லேயே கீழே விழுந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது.

2021 நவம்பர் 28-ந்தேதி ரானியேரி மறுபடியும் அதே மைதானத்துக்கு வந்தார். இந்த முறை எதிரணியான வாட்போர்டின் பயிற்சியாளராக. பனி கொட்டிக்கொண்டிருந்தது. லெஸ்டர் 4-2 என்று அவர் அணியை தோற்கடித்தது. அதில் 2 கோல் வார்டி அடித்தது. ரசிகர்கள் தங்கள் அணியின் கோலுக்கு துள்ளினார்கள். அந்த பெரியவருக்கும் கை தட்டினார்கள்.

2017-ல் எது சரி என்று தெரியாமல் தவித்த ரசிகனுக்கு அன்றைக்கும் விடை கிடைத்திருக்காது. ஆனால் இரண்டையும் சேர்த்து சுமக்க பழகி விட்டான். "கிளப் செய்தது தேவைப்பட்டிருக்கலாம். ஆனா அந்த மனுஷனுக்கு அப்படி செஞ்சிருக்கக் கூடாது" என்பதுதான் பல வருடமாக அவன் சொல்லும் ஒரே தீர்ப்பு. ஒன்றுக்கொன்று ஒத்து வராத இரண்டு வரிகள்தான். இரண்டுமே உண்மை.